மதச் சொல்லை அடித்துவிட்டுப் படி

அன்புள்ள தம்பிக்கு,

சென்னையில் சட்டம் படித்துவிட்டு, அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்றத்தின் வரைவு அலுவலகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய். ஓர் உறுப்பினர், "என் விசுவாசம் இதைத்தான் சொல்கிறது" என்று வெளிப்படையாகவே சொல்லி ஒரு மசோதா கேட்கிறார், எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். உன்னைப் போல இன்னும் பலர் அந்த நாற்காலிகளுக்குப் போவதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

எழுதிக் கொடு. அவர் எதை நம்பி வந்தார் என்பது உன் கவலை இல்லை. போதகர்கள் சட்டமியற்றும் அவைகளில் உட்காரக் கூடாது என்று டென்னசி மாநிலம் 1796-இலேயே எழுதி வைத்திருந்தது. மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தும் பேரவைக்குப் போட்டியிட்ட பாப்டிஸ்ட் போதகர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் அந்தத் தடையைச் செல்லாதென்றது. கருக்கலைப்புக்கு மத்திய அரசின் மருத்துவ நிதி கிடைக்காமல் செய்த ஹைடு திருத்தத்தைக் கத்தோலிக்கக் கொள்கை என்று சொல்லித் தாக்கினார்கள். ஒரு சட்டம் ஒரு மதத்தின் போதனையோடு ஒத்துப்போவதாலேயே அது மதத்தை நிறுவியதாகிவிடாது என்று 1980-இல் பதில் வந்தது. திருடாதே என்று வேதமும் சொல்கிறது, தண்டனைச் சட்டமும் சொல்கிறது. ஆகவே உறுப்பினரின் மனசை விட்டுவிட்டு அவர் கொண்டுவந்த தாளைப் பார்.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில் மதத்தைப் பற்றி ஆங்கிலத்தில் இருப்பது மொத்தம் 16 சொற்கள். மதத்தை நிறுவுவது தொடர்பாகக் காங்கிரஸ் (அங்குள்ள மத்திய சட்டமன்றம்) சட்டம் இயற்றக் கூடாது, மத வழக்கத்தைத் தடுத்தும் இயற்றக் கூடாது. இதில் கனமான சொல் "தொடர்பாக". அரசு மதம் இதுதான் என்று அறிவித்தால்தான் தப்பு என்றில்லை, அந்தத் திசையில் வைக்கும் அடியும் தப்பு. மதத்துக்கும் அரசுக்கும் நடுவில் 'மதில்' என்கிறார்களே, அந்தச் சொல் அரசியல் சட்டத்தில் கிடையாது. 1802 ஜனவரி 1-ஆம் தேதி அன்றைய குடியரசுத் தலைவர் ஜெபர்சன் கனெக்டிகட்டின் டான்பரி ஊர் பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய கடிதத்தில் வருவது அது. முதல் திருத்தத்தின் தடை முதலில் மத்திய அரசுக்கு மட்டும்தான் இருந்தது. மாசசூசெட்ஸ் 1833 வரை தன் திருச்சபையை வரிப்பணத்தில் நடத்தியது. உன் மாநிலத்தின் மேல் இந்த 16 சொற்களும் முழுதாக வந்து உட்கார்ந்தது 1940-இலும் 1947-இலும் வந்த தீர்ப்புகளால்தான்.

இனி வேலைக்கு வருவோம். மசோதா கையில் வந்ததும் ஒரு பென்சிலை எடுத்து, அதில் உள்ள மதம், தேவாலயம், ஜெபம், ஓய்வுநாள் போன்ற சொற்களையெல்லாம் அடித்துவிட்டுப் படி. மிச்சம் இருப்பது தன் காலில் நிற்கிறதா? நின்றால் பாதிக் கவலை தீர்ந்தது. விழுந்தால், அந்தச் சொல்தான் மசோதாவைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அங்கேதான் நீ உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

மேரிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கத் தடை இருந்தது. ஒரு பெரிய கடையின் ஊழியர்கள் ஒரு கோப்பட்டை, ஒரு டப்பா தரை மெழுகு, ஒரு ஸ்டேப்ளர், ஒரு பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் விற்றதற்காக ஆளுக்கு 5 டாலர் அபராதம் கட்டினார்கள். அந்தச் சட்டம் மதத்தில் பிறந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் "எல்லோருக்கும் வாரத்தில் ஒரு பொது ஓய்வு நாள்" என்று வாசித்தாலும் அது நிற்கிறது என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. இதற்கு மாறாக, கனெக்டிகட் சட்டம் தன் ஓய்வுநாள் என்று ஒருவர் சொல்லும் நாளில் அவரை வேலைக்கு வரச் சொல்லவே கூடாது என்றது. கடையில் பாதிப் பேர் அதே நாளைக் கேட்டால்? வெள்ளிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட பள்ளி ஆசிரியருக்கு என்ன செய்வது? அவர் வராத நாளின் வேலையை வேறு யார் தலையில் கட்டுவது? எதற்கும் இடமில்லை. 1985-இல் விழுந்தது. "முதலாளிக்கோ சக ஊழியருக்கோ மிகுந்த சிரமம் இல்லாதவரை" என்ற பொருளில் ஒரு வரி இருந்திருந்தால் அதன் கதையே வேறாக இருந்திருக்கலாம். சலுகை கொடுக்கும் எந்தப் பிரிவிலும் அதன் சுமையை யார் தூக்குகிறார் என்று பார்.

வரிவிலக்கிலும் இதே கணக்குதான். தேவாலயம், மருத்துவமனை, நூலகம், தொண்டு நிறுவனம் என்ற பெரிய வட்டத்துக்கு நியூயார்க் கொடுத்த சொத்துவரி விலக்கு 1970-இல் தப்பியது. பட்டியலிலிருந்து தேவாலயத்தை அடித்தாலும் வட்டம் கலையாது. மத போதனை செய்யும் பத்திரிகைகளுக்கு மட்டும் டெக்சாஸ் கொடுத்த விற்பனைவரி விலக்கு 1989-இல் விழுந்தது. அங்கே மதத்தை அடித்தால் கையில் வெறும் தாள்தான்.

அடுத்தது அதிகாரம். வரைவாளர்கள் அசந்து தவறும் இடம் இது, கொஞ்சம் நின்று பார். அன்றைய மாசசூசெட்ஸ் சட்டப்படி ஒரு தேவாலயத்துக்கோ பள்ளிக்கோ 500 அடிக்குள் மதுக்கடை உரிமம் கேட்டால், அந்தத் தேவாலயம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தாலே உரிமம் கிடையாது. கேம்பிரிட்ஜில் ஹார்வர்ட் சதுக்கத்தில் ஓர் உணவகம் விண்ணப்பித்தது. பத்தடி தள்ளி இருந்த ஆர்மீனியத் தேவாலயம் ஆட்சேபித்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்துக் கடைக்கு விட்டுக்கொடுத்து இதை மட்டும் தடுத்தாலும் கேட்பாரில்லை. அரசின் அதிகாரத்தைத் தேவாலயத்தின் கையில் கொடுத்தது தப்பு என்று 1982-இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பானது. இத்தனைக்கும் நோக்கத்தில் யாரும் குறை காணவில்லை. வழிபாட்டு இடத்தைச் சுற்றி அமைதி வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அதே ஆசையை இரண்டு வழியில் எழுதலாம் என்று நீதிமன்றமே காட்டியது: இத்தனை அடிக்குள் யாருக்கும் உரிமம் இல்லை என்று சட்டமே சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் தேவாலயத்தின் கருத்தைக் கேட்டு, அதற்குரிய மதிப்புக் கொடுத்து, உரிமக் குழு முடிவு செய்யலாம். கருத்துச் சொல்லலாம், கையெழுத்துப் போடக் கூடாது. ஆகவே "ஒப்புதலுடன்", "ஆட்சேபம் இல்லாத நிலையில்" என்ற தொடர்கள் கண்ணில் பட்டால், யாருடைய ஒப்புதல் என்று பார்த்துவிட்டு மேலே போ.

எல்லைக் கோடும் ஒரு வகை அதிகாரம்தான். கடும் மரபைப் பின்பற்றும் சத்மார் ஹசிடிக் பிரிவு யூதர்கள் வாழும் கிரியாஸ் ஜோயல் கிராமத்துக்கென்று 1989-இல் நியூயார்க் ஒரு தனிப் பள்ளி மாவட்டத்தை உண்டாக்கியது. சிறப்புக் கவனிப்பு வேண்டிய குழந்தைகளுக்காக என்பது உண்மையான தேவை. ஆனால் மாவட்டத்தின் கோடு கிராமத்தின் கோட்டின் மேலேயே ஓடியது. 1994-இல் செல்லாதென்றானது. சட்டமன்றம் உடனே "இன்னின்ன தகுதியுள்ள எந்த ஊரும்" என்று பொதுவாக எழுதியது, தகுதிகளைக் கூட்டிப் பார்த்தால் அதே ஒரு ஊர்தான் தேறியது. மாநிலத்தின் உயர் நீதிமன்றம் அதைத் தட்டியது, அடுத்து எழுதியதையும் தட்டியது. பெயரை எடுத்துவிட்டு அளவை மட்டும் வைத்துத் தைத்த சட்டை யாருடையது என்று நீதிபதிக்குத் தெரியாதா?

இதனால் என் பென்சில் சோதனை மட்டும் போதாது என்பதும் விளங்கியிருக்கும். மதச் சொல்லே இல்லாத மசோதாவும் மதத்தைக் குறிவைக்கலாம். புளோரிடாவின் ஹயலியா நகரில் 1987-இல் விலங்கு பலி கொடுக்கும் சாந்தேரியா மதத்தின் வழிபாட்டுச் சபை ஒன்று இடம் பிடித்ததும், நகர மன்றம் அடுக்கடுக்காக விதிகள் போட்டது. உணவை முதன்மை நோக்கமாகக் கொள்ளாத சடங்கில் விலங்கைத் தேவையின்றிக் கொல்வதுதான் பலி என்று வரையறுத்தது. பொதுச் சுகாதாரம், விலங்கு நலன் என்று காரணமும் சொன்னது. விலக்குகளை எண்ணிப் பார்த்தால் கசாப்புக் கூடம் தப்பியது, யூதர்களின் கோஷர் அறுப்பு முறை தப்பியது, வேட்டை, மீன்பிடிப்பு, எலி ஒழிப்பு எல்லாம் தப்பின. வலையில் மிஞ்சியது அந்த ஒரு சபைதான். 1993-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக விதிகளை ரத்து செய்தார்கள். தமிழ்நாட்டில் 1950-ஆம் ஆண்டின் பலித் தடைச் சட்டத்தை 2003-இல் தூசி தட்டி எடுத்துக் கிராமத்துக் கெடா வெட்டை நிறுத்தப் போய், அடுத்த ஆண்டே சட்டத்தையே திரும்பப் பெற்றது உனக்கு ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் வாக்குச்சீட்டு செய்ததை ஹயலியாவில் வரையறைப் பிரிவு செய்தது. ஆகவே இரண்டாவது சோதனை: எல்லா விலக்குகளையும் கழித்த பிறகு வலைக்குள் யார் மிஞ்சுகிறார் என்று பெயர் சொல்லி எழுதிப் பார்.

வரையறைகளில் உனக்கென்று ஓர் எச்சரிக்கை. "இன்றியமையாத மத வழக்கம் எது" என்று நீதிமன்றமே ஆகமத்தைப் பார்த்து முடிவு செய்வது இந்திய வழி. 1954 சிரூர் மடம் வழக்கிலிருந்து நீ படித்து வந்தது அது. அந்தப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதே. வேதத்துக்குப் பொருள் சொல்வது தங்கள் வேலை இல்லை என்று அமெரிக்க நீதிபதிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நன்கொடையில் பாதிக்குமேல் சொந்த உறுப்பினர்களிடமிருந்து வரும் மத அமைப்புகளுக்கு மட்டும் நன்கொடைப் பதிவிலிருந்து விலக்கு என்று மினசோட்டா எழுதியது. வெறும் கணக்குப்போல இருக்கிறது. ஆனால் பழைய சபைகள் உள்ளே, தெருவில் நிதி திரட்டும் புதிய சபைகள் வெளியே என்று அது பிரித்துவிட்டது, 1982-இல் விழுந்தது. விஸ்கான்சினில் ஒரு கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு, மதம் பரப்பாமல் எல்லோருக்கும் உதவியதாலேயே வேலையின்மை வரி விலக்குக்குரிய "மத நோக்கம்" அதற்கு இல்லை என்று மாநில நீதிமன்றம் சொன்னது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. மதம் பரப்பினால்தான் மதம் என்று சொல்வதும் சபைக்குச் சபை பாகுபாடுதான். ஒரு சபை எப்படி நடக்கிறது என்பதை அளவுகோலாக வைக்கும் வரையறையைக் கண்டால் திருப்பி அனுப்பு.

பணம் கொடுக்கும் மசோதாவில் தவறு எதிர்ப்பக்கம் நடக்கிறது. மெயின் மாநிலத்தின் 260 பள்ளி நிர்வாகப் பகுதிகளில் பாதிக்கும் குறைவானவையே சொந்தமாக உயர்நிலைப் பள்ளி நடத்துகின்றன. மற்ற இடங்களில் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பள்ளிக்கு அரசு கட்டணம் கட்டும், மதப் பள்ளிக்கு மட்டும் கட்டாது. 2022-இல் அது செல்லாமல் போனது. தனியார் பள்ளிக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொடுக்க ஆரம்பித்தால் மதப் பள்ளி என்பதற்காகத் தள்ள முடியாது. பழைய மாதிரி வரைவுகளில் "மதப் பிரிவு சாராத" என்ற தொடர் பழக்கதோஷத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நகலெடுப்பதற்கு முன், கதவைத் திறப்பதா வேண்டாமா என்று உறுப்பினரையே முடிவு செய்யச் சொல்.

பேச்சும் சட்டத்தைக் கொல்லும். அலபாமாவில் 1978-இல் வந்த சட்டம் வகுப்பில் ஒரு நிமிட மௌனத்தைத் தியானத்துக்கென்று வைத்தது. 1981-இல் அதையே மறுபடி எழுதி "அல்லது மனமுவந்த ஜெபத்துக்கு" என்று சேர்த்தார்கள். கொண்டுவந்த செனட்டர், பள்ளிக்கு ஜெபத்தைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி இது என்று அவைக் குறிப்பில் ஏற்றினார், வேறு நோக்கம் மனதில் இல்லை என்று நீதிமன்றத்திலும் சொன்னார். வழக்கறிஞருக்கு அதற்கப்புறம் என்ன வேலை! 1985-இல் விழுந்தது. இதற்காக உறுப்பினரைப் பொய் சொல்லச் சொல்லாதே. மதம் சாராத உலகியல் நோக்கம் ஒன்று நிஜமாகவே இருந்தால் அதற்குக் குழு விசாரணையில் சாட்சியம் சேர்க்கச் சொல். இல்லையென்றால் இல்லை என்று குறிப்பு எழுதி மேலதிகாரியிடம் கொடு.

வெறும் அலங்கார வரி உதவாது என்பதற்கு கென்டக்கி சாட்சி. வகுப்பறைதோறும் 16-க்கு 20 அங்குலப் பத்துக் கட்டளைப் பலகை, அடியில் பொடி எழுத்தில் இது மேலை நாட்டுச் சட்டத்தின் அடிப்படை என்றொரு குறிப்பு. 1980-இல் நீதிமன்றம் அந்தக் குறிப்பைத் தாண்டிப் பலகையைப் பார்த்தது. 2024-இல் லூசியானா அதையே 11-க்கு 14 அங்குலத்தில் கொண்டுவந்திருக்கிறது. அந்த நவம்பரில் மாவட்ட நீதிமன்றம் தடுத்தது, சண்டை மேல்முறையீட்டுக்குப் போனது. கென்டக்கித் தீர்ப்பு நின்ற தரை இப்போது ஆட்டம் கண்டிருப்பதுதான் இந்தத் துணிச்சலுக்குக் காரணம். உலகியல் நோக்கம், மதத்தை வளர்க்காத முதன்மை விளைவு, அரசும் மதமும் மிதமிஞ்சிப் பின்னிக்கொள்ளாமை என்று மூன்றைக் கேட்டு 1971-இல் வந்த லெமன் சோதனையை, மைதான நடுவில் மண்டியிட்ட கால்பந்துப் பயிற்சியாளரின் வழக்கில் 2022-இல் கைவிட்டு, வரலாற்று வழக்கத்தைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பலகையில் ஒரு சங்கடம் எந்தச் சோதனையாலும் தீராது. கட்டளைகளை யூதர் ஒருவிதமாக, கத்தோலிக்கரும் லூத்தரன்களும் ஒருவிதமாக, மற்றப் புராட்டஸ்டன்டுகள் ஒருவிதமாக எண்ணுகிறார்கள். பலகையின் வாசகத்தைச் சட்டத்தில் எழுத வேண்டியவன் நீ. எந்தப் பாடத்தை எடுத்தாலும் மாநிலம் ஒரு பக்கம் சாய்ந்ததாகும். 2025 விஸ்கான்சின் தீர்ப்பு மினசோட்டா வழக்கின் மேல் நிற்பதை மறக்காதே: லெமன் போனாலும் சபைக்குச் சபை பாகுபாடு கூடாது என்பது போகவில்லை.

கடைசியாக, எல்லோரும் அவசரத்தில் விடும் ஒரு பிரிவு. சலுகை விழுந்தால் அப்புறம் என்ன? டெக்சாஸ் பத்திரிகை வழக்குபோல, விலக்கு செல்லாது என்றானதும் அதை எல்லாப் பத்திரிகைகளுக்கும் நீட்டுவதா, எல்லோரிடமும் வரி வாங்குவதா என்ற கேள்வி வரும். "ஒரு பகுதி செல்லாவிட்டாலும் மற்றவை செல்லும்" என்ற வழக்கமான வரி அதற்குப் பதில் சொல்லாது. எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர். அந்த வாக்கியத்தை எழுதச் சொல்லி உறுப்பினரிடம் கேட்கும்போது, அவர் நிஜமாக எதை விரும்புகிறார் என்பதும் உனக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்