இருட்டுமுன் பூட்டப்படும் நூலகம்: கல்லூரித் தலைவருக்கும் அறங்காவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

நியூ இங்கிலாந்து, அமெரிக்கா, ஜனவரி 1889

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் அறங்காவலர் பெருமக்களுக்கும்,

சென்ற வியாழக்கிழமை நடந்தது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். வரலாற்றுக் கட்டுரைக்காக நாங்கள் ஆறேழு பேர், நூலகத்தில் உள்ள நூலின் ஒரே பிரதியைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவன் வாசிக்க மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். நான்கு மணிக்கு நூலகர் வந்தார். பாதி வாக்கியத்தில் நூலை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவர்மேல் குறையில்லை, பொழுது சாய்ந்தால் பூட்டு என்பது நீங்கள் போட்ட விதி. அதைத் தளர்த்தி இரவு ஒன்பது மணிவரை நூலகத்தைத் திறந்துவைக்க வேண்டுகிறோம்.

விதிக்குக் காரணம் தீ என்கிறீர்கள். அச்சம் நியாயமானதே. 1764 ஜனவரியில் ஹார்வர்டு கல்லூரியின் ஹார்வர்டு ஹால் கட்டடம் எரிந்து, அதிலிருந்த நூலகம் ஏறக்குறைய முழுவதும் சாம்பலானது. ஆனால் மாணவர்கள் அப்போது விடுமுறையில் இருந்தார்கள். கட்டடத்தைப் பயன்படுத்திவந்தது, பாஸ்டனில் பரவிய பெரியம்மைக்கு அஞ்சி அங்கே கூடிய சட்டமன்றம். அதுபோகட்டும். விளக்கு ஆபத்து என்று எங்களை வெளியே அனுப்புகிறீர்களே, நாங்கள் போவது எங்கே? மரத்தளம் போட்ட விடுதிக்கு. அங்கே அறைக்கு அறை மண்ணெண்ணெய் விளக்கும் நிலக்கரி அடுப்பும் எரிகின்றன. புத்தகம் எரிந்தால் திரும்பக் கிடைக்காது, மாணவர்கள் செப்டம்பரில் புதிதாக வந்துவிடுவார்கள் என்ற கணக்கோ என்னவோ!

எங்கள் வகுப்பில் வெர்மான்ட்டிலிருந்து வந்த ஒரு விவசாயி மகன் இருக்கிறான். காலையில் வழிபாடு, பிறகு வகுப்புகள். மதியம் மற்ற மாணவர்களுக்குச் சாப்பாடு பரிமாறி, பாத்திரம் கழுவி, ஒரு வீட்டில் விறகு பிளந்து கொடுத்துவிட்டு அவன் நிமிரும்போது இருட்டிவிடும். பனி விழத் தொடங்கியதிலிருந்து நூலகத்தில் உட்கார்ந்து அவன் ஒரு பக்கம் படித்ததில்லை. நாங்கள் கையால் எழுதிக் கொடுக்கும் பக்கங்களை வைத்துத்தான் கட்டுரை எழுதுகிறான். அப்படி எழுதிய ஒன்றை வகுப்பில் எல்லார் முன்னும் தூக்கிக் காட்டி, "மூல நூலைப் பார்க்காமல் எழுதியது" என்றார் பேராசிரியர். உண்மைதான். அவன் பதில் சொல்லவில்லை. பாஸ்டனிலிருந்து அதே நூலை விலைக்கு வரவழைத்த இரண்டு பேருக்கு நல்ல மதிப்பெண்.

பாடநூலை ஒப்பித்தால் போதும் என்றிருந்த காலத்தில் நூலகம் பூட்டிக் கிடந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. இப்போது ஜெர்மனியின் லைப்சிக்கிலும் பெர்லினிலும் படித்துத் திரும்பிய ஆசிரியர்கள் மூலத்தைத் தேடிப் போ என்கிறார்கள். 1876-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கியதிலிருந்து இந்த முறையை நீங்களும் மேடைதோறும் புகழ்கிறீர்கள். முறை மாறியது, சாவி மட்டும் பழைய சாவி.

அந்த அலமாரிகளில் உள்ள நூல்களில் பாதி, முந்தைய மாணவர்கள் தங்கள் இலக்கியச் சங்கங்களுக்காகச் சந்தா சேர்த்து வாங்கியவை. சாவியும் அவர்களிடமே இருந்தது. ஏல் கல்லூரியில் லினோனியா என்ற மாணவர் இலக்கியச் சங்கத்து நூல்களைப் போல இங்கும் அவை கல்லூரியோடு சேர்ந்தன. சேர்ந்த நாளிலிருந்து சாயங்காலம் அவற்றைத் தொட வழியில்லை. விடியுமுன் வழிபாட்டுக் கூடத்தில் மட்டும் விளக்குகள் தாராளமாக எரிகின்றன. ஹார்வர்டு 1886-லேயே கைவிட்ட கட்டாய வழிபாட்டுக்கு எண்ணெய் இருக்கிறது, படிப்புக்கு இல்லை. வழிபாட்டைப் பற்றிப் பேச இந்த மடல் எழுதவில்லை. வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள்க.

நியூயார்க்கில் கொலம்பியா கல்லூரி நூலகம், 1883-ல் மெல்வில் டியூயி நூலகராகப் பொறுப்பேற்ற பின், காலை எட்டு முதல் இரவு பத்துவரை திறந்திருக்கும்படி ஆனது. எடிசனின் மின்விளக்கில் தீச்சுடரே இல்லை. நம் ஊர் ஆற்றங்கரைப் பஞ்சாலையில்கூட இருட்டிய பிறகு அந்த வெளிச்சத்தில்தான் வேலை நடக்கிறது. புதிய படகுக் கொட்டகைக்குப் பணம் கிடைத்த கல்லூரிக்கு, வாசிப்பறைக்குச் சில விளக்குகள் பெரிய செலவாகாது.

கம்பி இழுத்து முடியும்வரை, வாசிப்பறையில் மட்டும் கூண்டு விளக்குகளை அனுமதியுங்கள். அலமாரிப் பக்கம் யாரும் விளக்கோடு போகாமல் முறைபோட்டுக் காவல் இருக்கவும், நூல்களை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கவும் நாங்கள் தயார். கூலி கேட்க மாட்டோம். அடுத்த அறங்காவலர் கூட்டத்தில் இதை எடுத்து, நூலகத்தை இரவு ஒன்பது மணிவரை திறக்க உத்தரவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் பணிவுள்ள,
மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சார்பில் ஒருவன்