பழைய வேக்குவம் கிளீனர் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

சங்கப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு இயந்திரமும் எந்த மாடல், எந்தக் காலத்தது என்பதை ஆதாரத்தோடு எழுத வேண்டும் என்பது சென்ற பொதுக்குழுவின் தீர்மானம். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பெரும்பாலான நேரம் இதற்கே போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பதிவேட்டு வேலையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் திருத்தியது பிரிவுகளை. மின்சாரம் இல்லாதவற்றையெல்லாம் "கைக் கிளீனர்" என்று ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்தோம். அது தவறு. அமெரிக்காவில் 1876இல் மெல்வில் பிஸெல் காப்புரிமை பெற்ற கார்ப்பெட் ஸ்வீப்பரில் சக்கரம் உருள, அதோடு பிரஷும் சுற்றிக் குப்பையைப் பெட்டிக்குள் தள்ளும். உறிஞ்சுவது எதுவும் இல்லை. 1869இல் ஐவ்ஸ் மெகாஃபி காப்புரிமை பெற்றதோ கைப்பிடியைச் சுழற்றி விசிறியை ஓட்டும் இயந்திரம். அது காற்றை இழுக்கிறது. காற்று இழுக்கிறதா என்பதுதான் இனி நம் முதல் கேள்வி. துருத்தி வகைகளும் அதனால் வேக்குவம் பக்கத்துக்கே வந்துவிட்டன.

மின்சார வகைகளில் வடிவமே ஓரளவு காலத்தைக் காட்டிவிடும். ஹியூபர்ட் பூத் 1901இல் இங்கிலாந்தில் ஓட்டியது குதிரை வண்டியில் ஏற்றிய பெரிய இயந்திரம். அது எவர் வீட்டுக்குள்ளும் நுழையாது, குழாய் மட்டும்தான் நுழையும். பிரஷும் விசிறியும் துணிப்பையும் ஒரே கைப்பிடியில் சேர்ந்தது ஜேம்ஸ் ஸ்பாங்ளரின் வடிவமைப்பில். 1908இல் காப்புரிமை கிடைத்த அந்த வடிவமைப்பைத்தான் ஹூவர் தயாரித்தது. தரையோடு சறுக்குக் கட்டையில் இழுபடும் உருளை வடிவம் 1921இல் எலக்ட்ரோலக்ஸின் மாடல் V வழியாக வந்தது. இவ்வளவு தெரிந்தால் பத்தாண்டுக் கணக்கில் மதிப்பிடலாம். அதற்கு மேல் நெருங்கப் பெயர்த்தகடுதான் வேண்டும்.

தகட்டில் நாம் இதுவரை சரியாகப் படிக்காமல் விட்டது காப்புரிமை எண்கள். அமெரிக்கத் தயாரிப்புகளில் ஒரு வரிசை எண்கள் இருக்கும்; அவற்றில் மிகப் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே 1,000,000 என்ற எண் 1911 ஆகஸ்டிலும், 2,000,000 என்பது 1935 ஏப்ரலிலும், 3,000,000 என்பது 1961 செப்டம்பரிலும் வழங்கப்பட்டவை. பெரிய எண் 2,000,000ஐத் தாண்டியிருந்தால் அந்தத் தகடு 1935க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஆனால் இது கீழெல்லை மட்டுமே. பழைய எண்ணோடு பல ஆண்டுகள் தகடு அடித்திருக்கலாம் என்பதால் "இந்த ஆண்டில் செய்தது" என்று எழுதக்கூடாது. "இதற்குப் பிந்தையது" என்றே எழுத வேண்டும். "டெஸ்" என்ற முன்னொட்டு உள்ளவை வடிவக் காப்புரிமைகள். அவற்றின் வரிசை வேறு. தொடர் எண்ணைக் காப்புரிமை எண்ணாகப் படித்து ஏமாந்த பதிவுகளும் நம்மிடம் இருந்தன, திருத்திவிட்டோம்.

வேறு சில அடையாளங்களும் கைகொடுத்தன. அலைவெண்ணை "சைக்கிள்ஸ்" என்று குறித்தால் பழைய பழக்கம். ஹெர்ட்ஸ் என்ற அலகு 1960இல்தான் சர்வதேச அலகு முறையில் (SI) சேர்ந்தது. அமெரிக்க முகவரியில் ஜிப் எண் (அஞ்சல் குறியீடு) இருந்தால் 1963க்குப் பிந்தையது. "மேற்கு ஜெர்மனி" என்று அச்சிட்டிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. 1920களின் உடலில், பின்னாளில் வந்த நட்சத்திரத் தலை பிலிப்ஸ் ஸ்க்ரூ தென்பட்டால் யாரோ பின்னால் திறந்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ஒரு இயந்திரத்தின் உடலில் இன்னொன்றின் மோட்டாரும் மூன்றாவதன் பையும் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம். அதனால் தகடு, உடல் வார்ப்பு, துணைக்கருவிகள் மூன்றும் ஒத்துப்போனால்தான் "அசல்" என்று எழுதுகிறோம்.

இங்கே ஒரு வேண்டுகோள். தகட்டை மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்துக் குழியில் நிரப்பிய பெயின்ட் அதோடு போய்விடும். பிறகு படிக்க எதுவும் மிஞ்சாது. வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி சோப்புக் கலந்து, பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுங்கள். அறையை இருட்டாக்கி டார்ச்சைத் தகட்டோடு படுக்க வைத்தாற்போல் பிடித்தால், அழிந்துவிட்டது என்று நினைத்த எண் நிழலாக எழும்பி வரும். அப்போதே படம் எடுத்துவிடுங்கள். ஒட்டுச் சித்திர எழுத்துகள் தின்னரில் கரைந்துவிடும். அவற்றின் அருகிலேயே தின்னரைக் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்து, இயக்கிப் பார்ப்பது. வந்த கையோடு பிளக்கில் செருகும் பழக்கம் நின்றாக வேண்டும். முதலில் தகட்டில் வோல்ட் பாருங்கள். 110 அல்லது 120 என்றிருந்தால் 230இல் நேரடியாகப் போடக்கூடாது. ஒயர் நிறத்தை நம்ப வேண்டாம்: பழைய பிரிட்டிஷ் முறையில் கறுப்பு நியூட்ரல், அமெரிக்க முறையில் அதே கறுப்பு லைவ். துணி சுற்றிய ஒயரின் ரப்பர் மடித்தால் நொறுங்குகிறதென்றால் மாற்றிவிடுங்கள். துணியுறை ஒயர் புதிதாகவே கிடைக்கிறது, தோற்றம் கெடாது. விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு 500 வோல்ட் மெகரால் (மின்காப்பை அளக்கும் கருவி) உடலுக்கும் ஒயருக்கும் இடையே அளக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் மின்சாரம் கொடுக்கக்கூடாது.

குறைந்தவுடன் மோட்டார் போயிற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரேடியோ இரைச்சலைத் தடுக்கப் பொருத்திய காகிதக் கெபாசிட்டர்தான் பல இயந்திரங்களில் கசிகிறது. உடலைத் தொட்டால் சுரீரென்பதும் அதனால்தான். அதைக் கழற்றிவிட்டு மீண்டும் அளந்தால் சுருள் நன்றாக இருப்பது தெரியும்.

முதல் ஓட்டத்துக்கு 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைக்கிறோம். பல்பு பளிச்சென்று எரிந்து, மோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்க மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்து மோட்டாரும் அசையாவிட்டால் ஷார்ட், அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. விசிறியைக் கழற்றிவிட்டு முழு மின்னழுத்தத்தில் ஓட்டவே கூடாது; சுமையில்லாத சீரிஸ் மோட்டார் கட்டுக்கடங்காமல் ஓடி ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) சிதறும். மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் புதிய கார்பன் பிரஷ்ஷை, அது உரசும் கம்யூட்டேட்டர் என்ற செம்பு வளையத்தின் வளைவுக்குத் தேய்க்க நைஸான கிளாஸ் பேப்பர் போதும். எமரி வேண்டாம், அதன் துகள் பள்ளங்களில் தங்கிவிடும்.

கர்பி நிறுவனத்தின் கிளீனர் போன்றவற்றில் மோட்டார் தண்டும் பிரஷ் உருளையும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால் பெல்ட் கால்வாசித் திருப்பத்தோடு ஓடும். திருப்பம் மாறினால் உருளை எதிர்ப்பக்கம் சுற்றிக் குப்பையை முன்னால் வாரி இறைக்கும்.

பழைய பைகளை வெளியில் வைத்து, முகக்கவசம் அணிந்து திறக்க வேண்டும். பேக்கலைட் (பழைய வகைக் கெட்டி பிளாஸ்டிக்) மூடியை ஊற வைக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து மெழுகிடலாம். ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்து 1936இல் வந்த ஹூவர் 150 போன்றவற்றில் மக்னீசியம் வார்ப்பு இருப்பதால் அவற்றைக் கிரைண்டரில் வைப்பது தீ ஆபத்து.

பதிவேட்டில் ஹோஸ்களும் துணைக்கருவிகளும் இன்னும் எழுதப்படவில்லை. வரும் ஆண்டு அவற்றை எடுத்துக்கொள்வது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. தங்களிடம் உள்ளவற்றின் வாய் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, பொருந்தும் மாடலோடு எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவருமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்