செயலாளரின் ஆண்டறிக்கை (கமம்பேர் பயணம் பற்றிய விளக்கத்துடன்)

தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழா நடந்தது. சிறுவர் தமிழ் வகுப்பு நடக்கிறது. நிர்வாகக் குழு ஐந்து முறை கூடியது. அதில் இரண்டு முறை ஆள் போதாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அப்புறம், கமம்பேர் பயணம். கமம்பேர் சீஸுக்குப் பெயர் தந்த ஊருக்குப் போனோம். "சீஸ் கடையிலேயே கிடைக்கிறதே, பாரிஸிலிருந்து பஸ் எதற்கு?" என்று கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நார்மண்டியில், ஓர்ன் மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில் இருப்பவர்களே சுமார் இருநூறு பேர்தான். ஒரு தேவாலயம், ஒரு சீஸ் காட்சியகம், மற்றபடி சரிவெல்லாம் புல்லும் மாடும். 1791 வாக்கில், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பயந்து ஒளிந்திருந்த ஒரு பாதிரியாரிடம் பக்குவம் கேட்டு மரி அரேல் என்ற பெண் இந்த சீஸைச் செய்தார் என்பது ஊர்க் கதை. 1890-இல் மெல்லிய மரப்பெட்டி வந்தது; அதன் பிறகே சரக்கு நசுங்காமல் தூர ஊர்களுக்குப் போனது.

சரக்கோடு பெயரும் போய்விட்டது. அது பொதுப்பெயர் ஆகிவிட்டதென்று 1926-இல் நீதிமன்றமே சொல்லிவிட்டது. 1983-இல்தான் 'கமம்பேர் து நார்மண்டி' என்ற முழுப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அதற்குக் காய்ச்சாத பால் வேண்டும். உறைந்ததைக் கரண்டியால் அடுக்கடுக்காக அச்சில் விடவேண்டும். 21 நாளாவது பக்குவப்படவேண்டும். 250 கிராம் வட்டு ஒன்றுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் பால் பிடிக்கும். விலை ஏன் அதிகம் என்று பஸ்ஸில் கேட்டவர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பக்கத்து ஊரான விமூத்தியேயில் மரி அரேலுக்குச் சிலை உண்டு. 1944 குண்டுவீச்சில் பழைய சிலை சிதைந்தது. புதியதற்குப் பணம் தந்தவர்கள் அமெரிக்காவில், ஒஹாயோவில், ஒரு சீஸ் ஆலைத் தொழிலாளர்கள். அந்த ஊரைப் பார்த்தே இராதவர்கள்! நம்மில் 21 பேர் இரண்டு ஆண்டாகச் சந்தா தரவில்லை. பயணத்துக்குப் பெயர் கொடுத்து வராதவர்கள் 17 பேர். காலி இருக்கைக்கும் வாடகை உண்டு.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரி. 'ஏறக்குறைய' என்பதில் பஸ் வாடகையும் அடங்கும். மண்டபம் தந்தவர்களுக்கும் சமைத்த சகோதரிகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ரோக்ஃபோர் என்ற இன்னொரு சீஸ் ஊருக்குப் போக எண்ணம், இந்த முறை முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டும். என் பொறுப்பை ஏற்க வேறு யாரும் முன்வந்தால் மகிழ்ச்சி. இதுவரை யாரும் கேட்கவில்லை. ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

செயலாளர்