கோப்பீவே விதையை உலர்த்தலாமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சிலி நாட்டின் தேசிய மலரான கோப்பீவே கொடியின் விதைகளை நன்கு உலர்த்திப் பத்திரப்படுத்தலாம் எனத் தங்கள் தோட்டப் பகுதியில் வந்திருந்தது. தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். இவ்விதை காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். பழுத்த காயிலிருந்து எடுத்து, ஒட்டியிருக்கும் சதையைக் கழுவி, ஈரம் உலருமுன் விதைக்க வேண்டும். முளைக்க 1 முதல் 3 மாதம் ஆகும். பூக்கச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

தென் சிலியின் குளிர்ந்த வால்டிவியா மழைக்காட்டு நிழலில் வளரும் கொடி இது. அமில மண்ணும் குளிர்ந்த, ஈரமான வேர்ப்பகுதியும் வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் ஊற்றினால், மண்ணிலுள்ள இரும்புச் சத்தை வேரால் எடுக்க முடியாது. இளந்தளிரில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். உரம் போட்டுப் பயனில்லை, மழைநீருக்கு மாறுங்கள்.

தொட்டி மாற்றும்போது வேரோடு ஒட்டிய மண் உதிரக் கூடாது. முறிந்த வேர் தேற வெகுநாள் ஆகும். தரையிலிருந்து தடிமனாகக் கிளம்பும் புதுக் குருத்தை நத்தைகள் ஒரே இரவில் தின்றுவிடும். அதுதான் அடுத்த ஆண்டின் கொடி என்பதால், குருத்தைச் சுற்றி வளையம் போட்டுக் காப்பது அவசியம்.

இப்படிக்கு,
தோட்டக்கலை வாசகர்கள்