இந்த வயசுல யாரு படிக்க வாறா?

நாகர்கோவில்
ஞாயிறு இரவு

மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலித் தைலத்துக்கு ஒரு பக்கம், எம்.ஏ. வரலாறு சேரலாமா என்பதற்கு ஒரே வரி. அதோடு "இந்த வயசுல யாரு படிக்க வாறா?" என்று நீயே ஒரு கேள்வி. ஞாயிறுதோறும் இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்பு மையத்துக்குத் தமிழ்ப் பாடம் எடுக்கப் போய்வருகிறேன் இல்லையா, வாறவங்களைச் சொல்கிறேன், கேள்.

பிழைப்புக்காக வருபவர்களை விளக்க வேண்டியதில்லை. குரூப் 4 எழுதி கிளார்க் ஆனவனுக்கு குரூப் 2 எழுத டிகிரி வேணும். வளைகுடாவிலிருந்து திரும்பியவனுக்கு, டிகிரி இல்லாமல் கைவிட்டுப்போன சூப்பர்வைசர் வேலை இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று மட்டும் கேட்பார்கள். தப்பில்லை.

கடையாலுமூட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வருகிறார், ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால், சிரட்டைப் பாலை எடுத்து, உறைய ஊற்றி, ஷீட் அடித்து வீடு வந்து சேர உச்சியாகிவிடும். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு; நாலு கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. "அவ்வளவு நேரத்துக்கு எங்க போவேன் சார், மழை பெய்தாத்தான் உண்டு" என்றார். விளையாட்டுப் பேச்சில்லை. மழையில் வெட்டு நின்றுவிடும். நம்மூருக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை; பரீட்சையும் ஜூனிலும் டிசம்பரிலும்தான். ஆனால் படிக்க நேரம் வருகிறபோது கையில் கூலி இருக்காது, தேர்வுக் கட்டணமோ பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டவேண்டும். ஆகவே ஒரு தடவைக்கு இரண்டு பாடம்தான் எழுதுவார். மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடத்துக்குள் முடித்தால் போதும் என்பதால் பிழைத்தார்.

அவர் தந்த அசைன்மென்டில் ஒட்டுப்பால் பிடித்து இரண்டு தாள் பிரியவே இல்லை. பிளேடு வைத்துப் பிரித்தேன். ஐந்திணை பற்றிய விடை. கடைசியில், ரப்பர் நட்ட மலை எந்தத் திணை என்று ஒரு கேள்வி. அதற்கு மார்க் போட எனக்குக் கட்டம் இல்லை. படித்து என்ன செய்யப் போறீங்க என்று கேட்டதற்கு, "மனு எழுதிக் குடுத்தா, நீயே எழுதினதான்னு கேக்கானுவ சார். இனி கேக்கப்பிடாது" என்றார்.

தேங்காப்பட்டணத்து விசைப்படகுப் பையன் ஒருவன். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை, அதனால் ஜூன் பரீட்சை மட்டும் அவனுக்கு. டிசம்பரில் கடலில் கிடப்பான். அவனுக்குப் பார்த்த பெண் எம்.எஸ்சி., கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பின்னாலும் ஏதாவது போடணுமே என்றுதான் சேர்ந்தான். கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்தாச்சு. பத்திரிகையில் வெறும் பெயர்தான் போட்டார்கள். ஆனாலும் படிப்பை விடவில்லை. இப்போது கேட்டால் காரணம் சொல்லத் தெரியாமல் சிரிக்கிறான்.

பிரிட்டனில் 1969-இல் ஓப்பன் யுனிவர்சிட்டி அமைத்தபோது, படிக்க வாய்ப்பில்லாத தொழிலாளிகளை நினைத்துத்தான் நிறையப் பேசினார்கள். 1971-இல் பாடம் தொடங்கினால், முதலில் வந்து நிறைந்தது பள்ளி ஆசிரியர்கள்! யார் வருவார் என்று போட்ட கணக்கு அங்கேயே அப்படித் தப்பியது என்றால் தேங்காப்பட்டணத்தில் என்ன சொல்ல?

உனக்கு பி.காம். இருக்கிறது, எம்.ஏ. வரலாறு சேரத் தடையில்லை. பத்தாவதோடு நின்ற உன் மச்சினன் மகனுக்கு மட்டும் சொல்லிவை: பத்தும் பன்னிரண்டும் முடிக்காமல் வாங்கிய பட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு எடுக்கமாட்டார்கள். முதலில் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாவதை எழுதட்டும்.

ஜனவரிச் சேர்க்கைக்குப் பார். இப்போது டி.இ.பி. ஐடி என்று, யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் அடையாள எண் ஒன்று எடுக்கவேண்டும். உன் சர்டிபிகேட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். அதை இப்பவே மகளிடம் கொடுத்துச் சரிசெய்யச் சொல். அப்பா காலேஜுக்குப் போறார் என்று கேலி பண்ணுகிறாளாமே, அந்த வேலையையும் அவளே பார்க்கட்டும்.