மெயில் சர்வரில் ஷெல் இணையவில்லையா?
அட்மின் நண்பர்களே, எக்ஸ்சேஞ்ச் மேனேஜ்மென்ட் ஷெல் (மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரைக் கட்டளைகளால் நிர்வகிக்கும் கருவி) இணைய மறுத்தால் உடனே சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். எல்லாருடைய மெயிலும் நின்றுபோகும், காரணமும் தெரியாமல் போகும்.

முதலில் கடிகாரம். சர்வர் நேரமும் டொமைன் கன்ட்ரோலர் (நெட்வொர்க்கின் லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்) நேரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் கெர்பராஸ் என்ற லாகின் சரிபார்ப்பு முறை உள்ளே விடாது. ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு சேமித்த பழைய நிலைக்கு) திரும்பிய சர்வர் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நேரம் சரி என்றால், அப்புறம் ஐஐஎஸ், அதாவது விண்டோஸின் வெப் சர்வர். ஷெல் 80ஆம் போர்ட் வழியாக அதிலுள்ள பவர்ஷெல் வர்ச்சுவல் டைரக்டரி என்ற முகவரிக்குப் போகிறது. டீஃபால்ட் வெப்சைட்டில் 80ஆம் போர்ட்டுக்கான பைண்டிங் (இணைப்பு அமைப்பு) இருக்கிறதா, யாராவது பாதுகாப்புக்கென்று அந்த டைரக்டரியில் எஸ்எஸ்எல் (மறையாக்க இணைப்பு) கட்டாயம் என்று டிக் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள்.

ஒருவருக்கு மட்டும் வரவில்லையா? அவர் கணக்கில் ரிமோட் பவர்ஷெல் (ஷெல்லில் இணைவதற்கான) அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே கேட்கும்போது பிழைச் செய்தியை முழுதாக நகலெடுத்துப் போடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் முக்கியமான வரிதான் வெட்டுப்படுகிறது.