மகள் கயல்விழிக்கு, பரந்தன் பாலம் குறித்து

குடியாத்தம்,
29-12-2025

அன்பு மகள் கயல்விழிக்கு,

நானும் அம்மாவும் நலம். டிட்வா புயலுக்குப் பின் இலங்கைக்குச் சென்ற நம் ராணுவப் பொறியாளர்கள், துண்டு துண்டாகக் கொண்டுபோய் அந்த இடத்திலேயே பூட்டுகிற, இரண்டாம் உலகப் போர்க் காலத்து இரும்புப் பாலமான பெய்லி பாலத்தையா இன்னமும் கொண்டுபோகிறார்கள் என்று நேற்று தொலைபேசியில் கேட்டாய். கனடாவில் நூறாண்டு நிற்க வேண்டிய பாலங்களுக்கு வரைபடம் போடுகிற உனக்கு அப்படித் தோன்றியதில் தவறில்லை. ஆனால், ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சேப்பர்ஸில் பல ஆண்டுகள் அந்தப் பாலத்தைத் தோளில் சுமந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நவம்பர் இறுதியில் அடித்த அந்தப் புயலில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாலங்கள் அறுந்ததால் பல ஊர்களுக்கு வழியே இல்லாமல் போயிற்று. கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தன்–முல்லைத்தீவு சாலையில் நம்மவர்கள் அமைத்த 120 அடிப் பாலம் கடந்த 23ஆம் தேதி திறக்கப்பட்டது. அந்த இடத்தில் கான்கிரீட் பாலம் கட்டுவதென்றால் மண் பரிசோதனையில் தொடங்கி எத்தனை மாதம் ஆகும் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். பிரசவ வலியில் இருப்பவளை ஏற்றி வரும் வண்டி அதுவரை கரையில் காத்திருக்க முடியுமா, அம்மா?

பெய்லி பாலத்தின் ஒரு பேனல், அதாவது பக்கவாட்டு இரும்புச் சட்டம், 10 அடி நீளம், ஏறத்தாழ 260 கிலோ எடை. ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். கிரேன் போக முடியாத சேற்றுக்கரையிலும் ஆள் போவான் என்பதால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேனல்களின் துளைகளை நேராக்கி, அவற்றை இணைக்கும் இரும்புப் பின்னைச் சுத்தியலால் அடிக்கும்போது, அது முழுதாக உட்கார்ந்த கணத்தில் ஓசை மாறும். பெங்களூரில் பயிற்சியின்போது அந்த ஓசையைக் கேட்டுப் பழகவே எனக்குப் பல நாள் பிடித்தது. பிறகு, முன்பக்கம், மூக்கு என்று நாங்கள் சொல்லும் தளம் போடாத இலேசான சட்டத்தை இணைத்து, பின்பக்கத்தின் பாரம் அதைத் தாங்கி நிற்க, மொத்தப் பாலத்தையும் உருளைகளின் மேல் அங்குலம் அங்குலமாகத் தள்ளுவோம். மூக்கு எதிர்க்கரையைத் தொடும்வரை ஒருவரும் வாய் திறக்க மாட்டோம்.

வேற்று நாட்டில் வேலை செய்யும்போது இன்னொரு பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது. லாரிகள் ஓட ஓட போல்ட்டுகள் தளரும். அவற்றை யார் எப்போது இறுக்குவது என்பதை அந்நாட்டுப் பொறியாளர்களிடம் சரியாக ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். திறப்பு விழாவைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

உன் பக்கத்து வீட்டு அம்மாள் முல்லைத்தீவுக்காரர் என்று சொன்னாய் அல்லவா? இந்த ஒரு மாதம் அவருடைய உறவினர்கள் எந்த வழியாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், இப்போது அந்தப் பாலத்தில் பேருந்து போகிறதா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா